சளியில் கிருமி தெரியவில்லை என்றால் டிபி இல்லை என்று அர்த்தமா?

மூன்று வாரமாக இருமல். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பக்கத்து நகர்ப்புற சுகாதார நிலையத்தில் சளி கொடுத்தாயிற்று, ரிப்போர்ட்டும் வந்துவிட்டது: நெகட்டிவ். "டிபி இல்லன்னு சொல்லிட்டாங்க" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போகிறது. வியாசர்பாடியிலிருந்து பல்லாவரம் வரை சென்னையில் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது. அதே ஆள் இரண்டு மாதம் கழித்து, இன்னும் நாலைந்து கிலோ இளைத்து, இருமினால் ரத்தம் வர, பெரியாஸ்பத்திரி நெஞ்சக நோய்ப் பிரிவில் வரிசையில் நிற்பதும் நடக்கிறது.

அந்த முதல் ரிப்போர்ட் தப்பு என்று சொல்ல முடியாது. "பார்த்த இடத்தில் கிருமி தெரியவில்லை" என்றுதான் அது சொன்னது. மீதியை நாமாகச் சேர்த்துக்கொண்டோம்.

இது அபூர்வமான சிக்கலும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் நுரையீரல் காசநோய் என்று பதிவானவர்களில் 62 சதவீதத்தினருக்குத்தான் கிருமி ஆய்வகத்தில் உறுதியானது. மீதிப் பேருக்கு அறிகுறியையும் எக்ஸ்ரேயையும் வைத்து டாக்டர்தான் முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவு இரண்டு பக்கமும் தப்பாகப் போகலாம். நோய் இருப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இல்லாதவருக்கு ஆறு மாதம் மாத்திரை கொடுத்து, அவருக்கிருந்த உண்மையான நோயை வளரவும் விடலாம். ஆகவே நெகட்டிவ் என்று வந்தால் எந்த டெஸ்ட், எப்படி எடுத்த சளி, யாருடைய நெஞ்சு என்ற மூன்றையும் கேட்காமல் விடக் கூடாது.

முதலில் மைக்ரோஸ்கோப். ஸ்லைடில் சளியைப் பூசி, சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவி, பின்னணிக்கு நீலம் கொடுத்துப் பார்ப்பார்கள். காசநோய்க் கிருமியின் மேலுறை மெழுகு மாதிரியான கொழுப்பால் ஆனது. ஏறிய சாயத்தை அமிலம் ஊற்றினாலும் விடாது. அதனால் நீலத்துக்கு நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இந்தக் கிருமியைப் பற்றி அறிவித்தார். சாயமேற்றும் இந்த முறையின் அடிப்படையும் அதே வருடம் வந்ததுதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஸ்லைடில் பூசப்படும் சளி சுமார் 0.01 மில்லி. பூச்சின் பரப்பு சுமார் 2 சதுர சென்டிமீட்டர். ஆயிரம் மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் ஒரு தடவைக்குக் கண்ணுக்குத் தெரியும் வட்டம் அவ்வளவு சிறியது என்பதால், முழுப் பூச்சையும் பார்க்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 10,000 வட்டங்கள் பார்க்க வேண்டும். யாராலும் முடியாது. நெகட்டிவ் என்று எழுதுவதற்கு முன் 100 வட்டங்கள் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. சரி, ஒருவருடைய சளியில் மில்லிக்கு 10,000 கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடுக்கு வருவது 100 கிருமி. 10,000 வட்டங்களில் 100 கிருமி என்றால் 100 வட்டத்துக்கு ஒன்று. லேப் டெக்னீஷியன் ஒழுங்காக உட்கார்ந்து நூறையும் பார்த்தால் கண்ணில் படக்கூடியது சராசரியாக ஒரே ஒரு சிவப்புக் குச்சி. அதுவும் எதேச்சையாகப் படாமலே போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பிருக்கிறது. மில்லிக்கு 1,000 கிருமி இருப்பவர் இந்த டெஸ்டில் பெரும்பாலும் நெகட்டிவ்தான். ஆயிரம் கிருமி இருந்தும் நெகட்டிவ்!

எல்.ஈ.டி. ஒளிர்வு மைக்ரோஸ்கோப் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் தேவலை. குறைந்த பெருக்கத்தில் அதிக இடத்தைச் சீக்கிரம் பார்க்கலாம், பழைய முறையைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதலாகப் பிடிபடும். ஆனாலும் மில்லிக்கு ஆயிரக்கணக்கில் கிருமி வேண்டும் என்ற அடிப்படைத் தேவை மாறவில்லை.

ஒருவருக்கு ஏராளமாகவும் இன்னொருவருக்குக் கொஞ்சமாகவும் கிருமி வருவதற்கு நுரையீரல்தான் காரணம். திசு அரித்துக் குழி விழுந்தால் காற்று தாராளமாகக் கிடைக்கும்; கிருமி கோடிக்கணக்கில் பெருகி, மூச்சுக்குழாய் வழியாக நேரே சளிக்கு வரும். குழி விழாத ஆரம்பக் கட்டத்தில், மூடிய சின்ன முடிச்சுக்குள் சில நூறோ சில ஆயிரமோதான் இருக்கும். அவையும் வெளியே வர வழியிருக்காது. குழியை உண்டாக்குவது பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்திதான் என்பதால், அந்தச் சக்தி தளர்ந்தவர்களிடம் நோய் முற்றியிருந்தாலும் குழி விழுவது குறைவு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சளி அடிக்கடி நெகட்டிவ் ஆக வருவது இதனால்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986-ல் கண்டறியப்பட்டதே சென்னையில்தான். அந்த அனுபவம் இந்த ஊர் டாக்டர்களுக்குப் பாடமாகவே இருந்திருக்கிறது. குழந்தைகளுக்குச் சளியைத் துப்பவே தெரியாது, விழுங்கிவிடும். வயதானவர்களுக்கு இருமித் தள்ளும் பலம் இருக்காது.

அடுத்தது சளியை எடுக்கும் விதம். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பாதிப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, "சளி எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். சுற்றிலும் ஆட்கள். நாலு பேர் பார்க்கக் காறித் துப்ப எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும்? அவசரமாகத் திரும்பி நின்று, வாயிலிருக்கும் எச்சிலைத் துப்பி, மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். எச்சிலில் கிருமியைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நல்ல ஊழியர் ஒருவர் இருந்தால் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் மாதிரி, நுரை நுரையாக இருந்தால் வாங்க மாட்டார். "அக்கா, இது எச்சில். நல்லா வாயைக் கொப்பளிச்சிட்டு, மூச்சை ஆழமா இழுங்க. கொஞ்சம் அடக்குங்க. அப்புறம் அடிவயித்துலேருந்து இருமுங்க. அவசரமே இல்ல, நான் அந்தப் பக்கமா நிக்கிறேன்." இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு கெட்டியாக, மஞ்சளாக, கொழகொழவென்று வரும். இரண்டு முதல் ஐந்து மில்லி இருந்தால் போதும். திறந்த வெளியில், வெயில் படும் இடத்தில் எடுப்பது எல்லாருக்கும் பாதுகாப்பு. கழிப்பறைக்குள் போய் எடுக்கச் சொல்லவே கூடாது.

இது வெறும் உபசாரப் பேச்சு இல்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடத்தி 2007-ல் வெளியான ஆய்வில், சளியை எப்படி எடுப்பது என்று சில நிமிடம் விளக்கிச் சொன்ன பெண்களில் 13 சதவீதம் பேருக்குக் கிருமி தெரிந்தது; சொல்லாத பெண்களில் 8 சதவீதம் பேருக்குத்தான். புது மெஷினும் இல்லை, மருந்தும் இல்லை. ஒரு மனுஷி இன்னொரு மனுஷியிடம் பொறுமையாகப் பேசியதன் பலன் அது.

காலையில் எழுந்ததும் எடுக்கும் சளி ஏன் முக்கியம்? இரவு முழுக்க மூச்சுக்குழாயில் சேர்ந்தது மொத்தமாக வரும். அங்கேயே எடுத்தது ஒன்று, மறுநாள் காலையில் வீட்டில் எடுத்தது ஒன்று என இரண்டு மாதிரிகள் கேட்பது அதனால்தான். மைக்ரோஸ்கோப்பில் பிடிபடுபவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் முதல் மாதிரியிலேயே பிடிபடுவார்கள், இரண்டாவதில் இன்னும் 12 சதவீதம் போல. சளியே வரவில்லை என்பவருக்கு 3 சதவீத உப்புக் கரைசலை நெபுலைசரில் கொடுத்து இருமலைத் தூண்டலாம். அந்தச் சளி பார்க்க எச்சில் மாதிரி தண்ணியாக இருக்கும் என்பதால், "தூண்டி எடுத்தது" என்று டப்பாவில் எழுதவில்லை என்றால் லேபில் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அடுத்தது எந்த டெஸ்ட் என்ற கேள்வி. இப்போது சென்னையில் அரசுத் திட்டத்தில் சளி கொடுத்தால் சிபிநாட் அல்லது ட்ரூநாட் செய்ய வாய்ப்பிருக்கிறது. இவை கிருமியின் மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டுபிடிப்பவை. கண்ணால் தேடும் வேலை கிடையாது. சிபிநாட்டுக்கு 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் கிடைத்தது. ட்ரூநாட் கோவாவில் உருவானது, பேட்டரியில்கூட ஓடும். அதற்கு 2020-ல் அங்கீகாரம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிவு தெரியும், டிபிக்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் சேர்ந்து தெரியும். மைக்ரோஸ்கோப்புக்கு மில்லிக்கு 5,000 முதல் 10,000 கிருமி தேவை என்றால் சிபிநாட்டுக்குச் சுமார் 130 போதும். அதன் அடுத்த வடிவமான எக்ஸ்பெர்ட் அல்ட்ராவுக்குப் பதினாறு போதும். ஆகவே "சளி நெகட்டிவ்" என்ற ரிப்போர்ட் கையில் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, "மைக்ரோஸ்கோப்பா, சிபிநாட்டா?" என்பதைத்தான். மைக்ரோஸ்கோப் மட்டும் என்றால் அங்கே நிற்கவே கூடாது.

சிபிநாட்டும் நெகட்டிவ் என்றால்? அப்போதும் கதவு மூடவில்லை. இந்தியா உட்பட எட்டு நாடுகளில் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், மைக்ரோஸ்கோப்பில் நெகட்டிவ், ஆனால் கல்ச்சரில் (சளியிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) கிருமி வளர்ந்தது என்ற வகை நோயாளிகளில் பழைய சிபிநாட் 46 சதவீதம் பேரைப் பிடித்தது, அல்ட்ரா 63 சதவீதம் பேரை. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் மூன்றில் ஒருவரை அல்ட்ராவும் தவறவிட்டிருக்கிறது. இன்னொரு பக்கமும் உண்டு: செத்துப்போன கிருமியின் மரபணுவையும் இந்த டெஸ்டுகள் எண்ணிக்கொள்ளும். ஓரிரு வருடம் முன்பு டிபிக்குச் சிகிச்சை முடித்தவருக்கு அல்ட்ராவில் மங்கலாக "ட்ரேஸ்" என்று வந்தால், நோய் திரும்பிவிட்டது என்று உடனே முடிவு கட்ட முடியாது.

கல்ச்சர்தான் இன்றும் இருப்பவற்றில் நுட்பமானது. மில்லிக்குப் பத்து முதல் நூறு உயிருள்ள கிருமி இருந்தால் போதும். பிரச்சினை நேரம். வயிற்றிலிருக்கும் சாதாரண ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு 15 முதல் 20 மணி நேரம் ஆகும். திரவ ஊடகத்தில் இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சி தெரியலாம், ஆனால் நெகட்டிவ் என்று சொல்ல 42 நாள் காத்திருக்க வேண்டும். திட ஊடகத்தில் எட்டு வாரம் வரை. அதற்கு முன்னால் சளியிலிருக்கும் மற்ற கிருமிகளைக் கொல்ல காரம் சேர்ப்பார்கள், அதில் காசநோய்க் கிருமியிலும் ஒரு பகுதி செத்துப்போகும். கல்ச்சருக்கு அனுப்பினாலும் அதற்குள் உடம்பு தாங்குமா என்ற கேள்வி இருந்துகொண்டேதான் இருக்கும். இருந்தாலும் மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு மாதிரியைக் கல்ச்சருக்கு அனுப்பிவிடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். முதல் மாத்திரை உள்ளே போன பிறகு அந்த வாய்ப்பு நாளுக்கு நாள் தேயும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்று தெரிந்துகொள்ளும் வழியும் அதோடு போகும்.

எக்ஸ்ரேக்கு வருவோம். 2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில் முன்னணியில் நின்றது சேத்துப்பட்டிலிருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அறிகுறியை மட்டும் கேட்டு, எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருந்தால், கண்டுபிடித்த நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தவறிப்போயிருப்பார்கள் என்று அதில் தெரியவந்தது. இருமலே இல்லாமல் நுரையீரலில் நோயை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வருபவர்கள் அத்தனை பேர். இருமல் இருந்து, சளி நெகட்டிவ் என்று வந்தவருக்கு எக்ஸ்ரே எடுக்காமல் விடுவதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

ஆனால் எக்ஸ்ரேயில் தெரிவது நிழல், கிருமி இல்லை. மேல் மடலில் வெள்ளைத் திட்டு, குழி, சுருங்கிய பகுதி எல்லாம் டிபியை நினைக்க வைக்கும். ஆனால் நிமோனியாவும் திட்டு போடும், புற்றுநோயும் குழி விடும், இருபது வருடம் முன்பு ஆறிப்போன டிபியின் தழும்பு புது நோய் மாதிரியே இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு டிபி கீழ் மடலில் வந்து நிமோனியா வேஷம் போடுவதும் உண்டு. சர்க்கரை இத்தனை பேருக்கு இருக்கும் சென்னையில் இதை மறக்கக் கூடாது. இங்கே உதவக்கூடியது ஒரு பழைய ஃபிலிம். வெளிநாட்டு வேலைக்கோ ஆபரேஷனுக்கோ முன்னால் எடுத்த எக்ஸ்ரே பீரோவில் கிடந்தால் தேடி எடுத்து வாருங்கள். அதே நிழல் ஐந்து வருடம் முன்பும் அதே அளவில் இருந்திருந்தால் அது தழும்பு. இல்லாத இடத்தில் புதிதாக வந்திருந்தால் கதை வேறு. சி.டி. ஸ்கேனில் இன்னும் தெளிவாகத் தெரியும். மூச்சுக்குழாயின் நுனிகளில் துளிர் விட்ட கிளை மாதிரி சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தால் சந்தேகம் கூடும். அதுவும் சந்தேகம்தான், சாட்சி ஆகாது.

நிழலை மட்டும் நம்பி மருந்து கொடுத்தால் எவ்வளவு சரியாக இருக்கும்? இதற்கு விடை தேடிய ஆய்வு ஒன்றில் நம் ஊரின் பங்கும் உண்டு. ஹாங்காங் நெஞ்சக நோய்ச் சேவை, மெட்ராஸ் காசநோய் ஆராய்ச்சி மையம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மூன்றும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வின் முதல் அறிக்கை 1979-ல் வந்தது. அந்த மையம்தான் இன்றைய சேத்துப்பட்டு நிறுவனம். நோயாளிகள் ஹாங்காங்கில் இருந்தவர்கள். எக்ஸ்ரே டிபி என்கிறது, மைக்ரோஸ்கோப்பில் சளி திரும்பத் திரும்ப நெகட்டிவ். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பேருக்குக் கல்ச்சரில் கிருமி வளர்ந்தது. கல்ச்சரும் நெகட்டிவ் ஆனவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்து கொடுக்காமல், நோய் உறுதியாகும் வரை கவனித்தார்கள். ஐந்து வருடத்துக்குள் அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு நோய் வெளிப்பட்டது. அந்த எண்ணை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். எல்லா டெஸ்டும் நெகட்டிவ் ஆகியும் பாதிப் பேருக்கு மேல் நோய் இருந்திருக்கிறது. மீதிக் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு மருந்தே தேவைப்படவில்லை. அனுபவமுள்ளவர்கள் பார்த்த எக்ஸ்ரேயிலேயே நிலைமை இதுதான்.

கிருமியைப் பார்க்காமல் டிபி என்று முத்திரை குத்துவதன் ஆபத்துக்குச் சேத்துப்பட்டோடு தொடர்புள்ள இன்னொரு பெயர் நினைவுக்கு வருகிறது. கணித மேதை ராமானுஜன் 1917-ல் இங்கிலாந்தில் நோயில் விழுந்தபோது காசநோய் என்று சொல்லப்பட்டது. அங்கே அவரைப் பார்த்தவர்களில் ஒருவர் டாக்டர் சௌரி முத்து. பின்னாளில், 1928-ல், தாம்பரம் சானடோரியத்தை ஆரம்பித்தவர் அவர்தான். ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் காலமானார். 1994-ல் டி.ஏ.பி. யங் என்ற ஆராய்ச்சியாளர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். அது அன்றைக்கே குணப்படுத்தக்கூடிய நோய். அந்த வாதம் சரியா என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் டிபி என்ற பெயர் விழுந்துவிட்டால் வேறு எதையும் தேட மாட்டார்கள் என்ற பயம் இன்றும் பொருந்துகிறது.

அப்படித் தேட வேண்டியவை நிறைய இருக்கின்றன. நாற்பது வயதைத் தாண்டிய, பீடி சிகரெட் பழக்கமுள்ளவருக்கு முதலில் நுரையீரல் புற்றுநோய். டிபி மாத்திரையில் நான்கைந்து மாதம் போன பிறகு புற்றுநோய் என்று தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? யானைக்கால் புழுவின் ஒவ்வாமையால் வரும் இயோசினோஃபிலியா நம் பக்கத்தில் உண்டு. இரவில் இருமல், இளைப்பு, ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை எகிறியிருக்கும், அதற்கென்று தனி மருந்தும் இருக்கிறது. கல் உடைக்கும் வேலையில் இருந்தவர்களுக்குக் கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ். பழைய டிபி குழிக்குள் பூஞ்சை வளர்ந்து ரத்தம் துப்ப வைக்கலாம். நுரையீரலில் முடிச்சு முடிச்சாக வரும் சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் எக்ஸ்ரேயில் டிபியாகவே ஏமாற்றும். அப்புறம் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான வேறு மைக்கோபாக்டீரியாக்கள்: மைக்ரோஸ்கோப்பில் பாசிட்டிவ், சிபிநாட்டில் நெகட்டிவ் என்று வந்தால் இவற்றைத்தான் நினைக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் நிமோனியாவாகவும் இருக்கலாம், டிபியாகவும் இருக்கலாம் என்றால், சாதாரண ஆன்டிபயாட்டிக் ஒரு கோர்ஸ் கொடுத்துவிட்டுத் திரும்பப் பார்ப்பது பழைய வழக்கம். ஓரளவுக்கு உதவும், அதற்கு மேல் நம்பக் கூடாது. டிபி நோயாளிக்கும் கூடவே வேறு கிருமித் தொற்று இருந்து தற்காலிகமாகத் தேறலாம். இதில் பெரிய ஆபத்து எந்த ஆன்டிபயாட்டிக் என்பதில் இருக்கிறது. லெவோஃப்ளாக்ஸசின், ஆஃப்லாக்ஸசின், மாக்ஸிஃப்ளாக்ஸசின் வகை மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் தாக்கும். ஒரு வாரம் சாப்பிட்டால் காய்ச்சல் விடும், இருமல் குறையும், சளியில் கிருமி இன்னும் குறையும், டெஸ்ட் நெகட்டிவ் ஆகும். நோய் மட்டும் உள்ளே இருக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்குக் கைவசம் இருக்கும் முக்கிய ஆயுதத்தையும் மழுங்கடிக்கிறோம். மெடிக்கல் ஷாப்பில் "நெஞ்சு சளிக்கு ஏதாவது கொடுங்கண்ணே" என்று கேட்டு இந்த மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டவர்கள், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சளி டெஸ்ட் நெகட்டிவ் ஆனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ரத்த டெஸ்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிபிக்கான ஆன்டிபாடி டெஸ்டுகளை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-ல் சொன்னது, 2012-ல் இந்திய அரசு தடையே செய்தது. "டிபி கோல்டு" என்று சொல்லப்படும் ரத்த டெஸ்டும் கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாந்தோ டெஸ்டும், கிருமி எப்போதாவது உடம்பில் நுழைந்ததா என்பதைத்தான் சொல்லும். நோயில்லாமல் கிருமியை மட்டும் சுமந்துகொண்டு இருப்பவர்கள் நம் நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கும்போது, பெரியவர் ஒருவருக்கு அவை பாசிட்டிவ் என்று வருவதால் எதுவும் தெளிவாவதில்லை. உடம்பில் அழற்சி இருப்பதை மட்டும் காட்டும் ஈ.எஸ்.ஆர். கூடியிருப்பதும் அப்படித்தான். இந்த டெஸ்டுகளுக்குச் செலவழிக்கும் ஆயிரங்களைக் கல்ச்சருக்கோ சி.டி.க்கோ வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் தெளிவாகவில்லை, எக்ஸ்ரே மட்டும் உறுத்துகிறது என்றால் பிரான்கோஸ்கோபி. தொண்டையை மரத்துப்போகச் செய்து, மெல்லிய குழாயை உள்ளே விட்டு, சந்தேகமுள்ள இடத்தில் உப்புநீர் விட்டு உறிஞ்சி, அதை சிபிநாட்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்புவார்கள். தேவையானால் துளி சதையும் எடுக்கலாம். புற்றுநோயா, சார்காய்டா என்பதும் தெரியும். தாம்பரம், ஓட்டேரி, சென்ட்ரல் எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரி என நெஞ்சக நோய்க்குப் பேர்போன அரசு மருத்துவமனைகள் இந்த ஊரில் இருக்கின்றன. பரிந்துரைச் சீட்டு கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம். பிரான்கோஸ்கோபி முடிந்த அடுத்த ஓரிரு நாள் இருமலில் வரும் சளியையும் வீணாக்காமல் டெஸ்டுக்குக் கொடுக்க வேண்டும். பல நேரம் அதில்தான் கிருமி சிக்கும். குழந்தைகளுக்கு வேறு வழி: காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியே டியூப் விட்டு, இரவு விழுங்கிய சளியை எடுப்பார்கள். அது கஷ்டம் என்றால் மலத்தையே சிபிநாட்டில் போட்டுப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையிலேயே அது இருக்கிறது.

காத்திருக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்ரே முழுக்க கேழ்வரகு தூவினது போலப் பொடிப்புள்ளிகள் தெரிந்தால் கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது என்று பொருள். சளியில் ஒன்றும் தெரியாது, ஆனால் தாமதித்தால் உயிர் போகும். எச்.ஐ.வி. இருந்து மோசமாகச் சோர்ந்திருப்பவர் இன்னொருவர். அவருக்குச் சிறுநீரில் செய்யும் எல்.ஏ.எம். டெஸ்ட் உதவும், அது நெகட்டிவ் ஆனாலும் மருந்தை நிறுத்தி வைக்க முடியாது. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் ஆரம்பித்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், டிபி என்று முடிவானதுமே எடை, மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, யார் துணையும் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே அட்மிட் செய்கிறார்கள். ஆய்வகத்தில் உறுதியாகாமல் டாக்டர் முடிவு செய்த நோயாளிக்கும் இதே கவனிப்பு கிடைக்க வேண்டும். அவரும் நிக்ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவில் வருவார், சத்துணவுக்கான மாதம் 1,000 ரூபாயும் அவருக்கு உண்டு. 2024 நவம்பர் வரை அது 500 ஆக இருந்தது.

"சளியில கிருமி இல்லையே, வீட்டுல யாருக்கும் பரவாதுல்ல?" என்ற கேள்வி கட்டாயம் வரும். குறைவாகப் பரவும், பரவாது என்று சொல்ல முடியாது. சான் பிரான்சிஸ்கோவில் கிருமிகளின் மரபணு அடையாளத்தை ஒப்பிட்டு 1999-ல் வெளியான ஆய்வில், பரவிய நோயில் சுமார் 17 சதவீதம், மைக்ரோஸ்கோப்பில் நெகட்டிவ் ஆனவர்களிடமிருந்து வந்தது என்று தெரிந்தது. வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அதையும் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

உறுதியில்லாமல் ஆரம்பித்த சிகிச்சையில், ஆரம்பித்த பிறகு பார்ப்பதும் நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் சேர்ந்ததுதான். ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பியூட்டால் நான்கும் சேர்ந்து இரண்டு மாதம், பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும் நான்கு மாதம். பெரும்பாலானவர்களுக்கு முதல் சில வாரங்களில் காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், எடை ஏறும். இரண்டாம் மாதம் எடுக்கும் எக்ஸ்ரேயில் நிழல் மெல்லச் சுருங்கியிருக்கும். இரண்டே வாரத்தில் நிழல் மொத்தமாக மறைந்துவிட்டது என்றால் அது நிமோனியாவாகத்தான் இருந்திருக்கும். ரிஃபாம்பிசின் மற்ற பாக்டீரியாக்களையும் கொல்லும் என்பதை மறந்துவிட்டு "டிபி மருந்துக்குக் கேட்டுடுச்சு" என்று சொல்லக் கூடாது. எடை ஏறவில்லை, நிழல் பெரிதாகிறது என்றால் மாத்திரையை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகாமல், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா, புற்றுநோயா என்று முதலிலிருந்து பார்க்க வேண்டும். நடுவில் கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ ஈரலை மருந்து தாக்குகிறதோ என்று அன்றைக்கே காட்ட வேண்டும்.

இதற்கிடையில் கல்ச்சர் ரிசல்ட் வந்திருக்கும். மாதிரி போனது ஓர் இடம், மாத்திரை வாங்குவது இன்னோர் இடம் என்பதால் யாரும் போய்க் கேட்காமல் விட்டுப்போக வாய்ப்பு அதிகம். மாதிரி கொடுத்த அன்றே லேப் எண்ணை மருந்து அட்டையில் எழுதி வாங்கி, ஆறு வாரம் கழித்துப் போய்க் கேட்பது வீட்டில் யார் பொறுப்பு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரிசல்ட் பாசிட்டிவ் என்றால், கூடவே எந்தெந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்ற விவரத்தையும் கேட்டு வாங்கி, அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது டாக்டர் கையில் கொடுங்கள்.